டிரெசரிடம் வாங்கிய வேகன்

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த போலியோ அவளுடைய இரண்டு கால்களையும் சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது. தொடையிலிருந்து பாதம் வரை இரும்புச் சட்டம் மாட்டியிருப்பாள். முட்டிக்கருகில் ஒரு பூட்டு உண்டு. பூட்டினால் நிற்கலாம், மெல்ல நடக்கலாம். உட்கார வேண்டுமென்றால் பூட்டைத் திறந்து காலை மடக்க வேண்டும். மடக்கினால் வலிக்கும். அதனால் எங்கே போனாலும் காலை நீட்டியபடி இருப்பதுதான் அவளுக்குச் சுகம்.

காலை நீட்டிக்கொண்டு பினாங்கில் எந்தப் பஸ்ஸில் போவது? வாரம் ஒரு முறை பெரியாஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குக் கூட்டிப்போக வேண்டும். பாதையை அடைக்கிறாள் என்று ஒரு கண்டக்டர் மலாய் மொழியில் கத்தினான். நான் அவன் சட்டையைப் பிடித்தேன். பாதி வழியில் எங்களை இறக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு மோட்டார் சைக்கிள்தான். முன்னால் பெட்ரோல் டாங்கியின் மேல் அவள் தம்பி, நடுவில் நான், பின்னால் என் மனைவி, அவள் மடியில் குறுக்காக மகள். ஒரு நாள் சூலியா தெருவில் நின்றிருந்த லாரியின் மட்கார்டில் மகளின் கால் சட்டம் மாட்டிக்கொண்டது. மோட்டார் சைக்கிள் சுற்றி விழுந்தது. யாருக்கும் பெரிய அடி இல்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சொல்லிவிட்டாள்.

"இனிமே இவள மோட்டார்ல ஏத்த மாட்டேன். ஒரு காடி வாங்குங்க. பழசானாலும் பரவால்ல."

எங்கள் ஊரில் காருக்குக் காடி என்றுதான் பெயர்; பேச்சின் கடைசியில் ஒரு 'லா'வும் ஒட்டிக்கொள்ளும்.

"காடி வாங்கிட்டா மட்டும்? பின் சீட்டுல கால நீட்ட முடியுமா?"

"பின்னால கதவு மேல தூக்குமே, அந்த மாதிரி சின்ன வேகன் பாருங்க. சீட்ட மடக்கிவிட்டா படுத்துக்கிட்டே வருவா." கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொன்றும் சொன்னாள். "ஆனா நல்லா விசாரிச்சு வாங்குங்க. சாவு விழுந்த காடி எதையாச்சும் நம்ம தலையில கட்டிடப் போறானுங்க. புள்ள படுக்கிற எடம்."

சரி என்றேன்.

நான் அப்போது பட்டர்வொர்த்தில் ஒரு பட்டறையில் வெல்டர். தீவிலிருந்து அக்கரைக்குப் பாலம் வராத காலம். தினமும் ஃபெர்ரி ஏறித்தான் வேலைக்குப் போக வேண்டும். பட்டறையில் நிபோங் திபால்காரர் ஒருவர் இருந்தார். அவர்கள் பக்கத் தோட்டத்தில் டிரெசராக இருந்து ஓய்வு பெற்றவர் வேகன் ஒன்றை விற்கப் பார்க்கிறார் என்றார். டிரெசர் என்றால் தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கொடுப்பவர், ஊசி போடுபவர், காயத்துக்குக் கட்டுப் போடுபவர். தோட்டத்து மக்களுக்கு அவர்தான் டாக்டர்.

"கண்ணு மங்கிப் போச்சு அவருக்கு, ஓட்ட முடியல. ஆறு மாசமா காடி சும்மா கெடக்கு. நல்ல காடி லா. ஆனா எங்க பக்கம் எவனும் வாங்க மாட்டேங்கிறான்."

ஏன் வாங்கவில்லை என்று ஒரு மனிதன் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. வாங்க ஆளில்லை என்றால் விலை இறங்கும் என்றுதான் என் புத்தி போனது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்தேன். சிம்பாங் அம்பாட்டைத் தாண்டினால் இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். நிபோங் திபாலில் இறங்கி, விசாரித்துக்கொண்டு போனேன். பலகை வீடு. தகரக் கூரைக்குக் கீழே வேகன் நின்றது. ஜப்பான் வண்டி, வெளிர் நீலம், பத்து வருடப் பழசு. டிரெசர் அண்ணன் வெளியே வந்து என் முகத்தைப் பார்க்காமல் தோளைப் பார்த்துப் பேசினார். கண் அவ்வளவு மோசம்.

எஞ்சினைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எஞ்சினைப் பிரித்து மாட்ட ஆள் உண்டு. நான் பார்ப்பது தகரம். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வண்டிக்கு அடியில் ஊர்ந்தேன். ஸ்குரூ டிரைவரால் குத்திக் குத்திப் பார்த்தேன். நம் ஊர் மழைக்கும் தோட்டத்துச் சேற்றுக்கும் பத்து வருட வண்டியின் பின் தளம் சல்லடையாகியிருக்க வேண்டும். இதில் ஒரு பொட்டுத் துரு இல்லை. தட்டினால் கணீரென்று கேட்டது.

"எப்படிண்ணே? புதுத் தகடு அடிச்சீங்களா?"

"இல்ல தம்பி. கழுவுவேன்."

"எல்லாரும்தான் கழுவுறாங்க."

"நான் ஒவ்வொரு தடவையும் உள்ள வரைக்கும் கழுவுவேன். விரிப்ப எல்லாம் எடுத்துட்டு, மஞ்சத் தண்ணி ஊத்தி, அப்புறம் நல்ல தண்ணி ஊத்தி, ஈரம் போகத் தொடச்சு, எல்லாக் கதவையும் தொறந்துபோட்டு வெயில்ல காயவிடுவேன். காஞ்சதும் எண்ணெய் தடவுவேன்."

"ஒவ்வொரு தடவையும்னா? என்னத்த அண்ணே ஏத்துவீங்க அப்படி?"

அவர் மறைக்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லியிருப்பார் என்றே இப்போது நினைக்கிறேன்.

"ஆஸ்பத்திரியில தவறிப் போறவங்கள வீட்டுக்குக் கொண்டாருவேன். தோட்டத்து லாரிய குடுக்க மாட்டாங்க. வேன் புடிக்கத் தோட்டத்து ஜனங்ககிட்ட வசதி ஏது? சீட்ட மடக்கினா ஆறடி ஆளு படுக்கலாம்."

யாரிடமும் பெட்ரோல் காசுகூட வாங்கியதில்லை என்று பட்டறை நண்பர் பிறகு சொன்னார். டிரெசர் அண்ணன் அதைச் சொல்லவில்லை.

நான் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தேன். அந்த நிமிடமே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் நான் யோக்கியன். மனைவி சொன்னதற்குக் கட்டுப்பட்டவன் என்றாவது ஆகியிருப்பேன். ஆனால் அப்படிப்பட்ட தகரத்தை நான் விட மாட்டேன். அதே சமயம் அவர் சொன்ன விலையைக் கொடுக்கவும் மனமில்லை.

"பொணம் ஏத்துன காடின்னா எவண்ணே வாங்குவான்?" என்றேன். "ஆறு மாசமா இங்க கெடக்குதே, ஏன்? நான் வாங்கினாலும் நாளைக்கு யார்கிட்ட விப்பேன்? என் வீட்டுல தெரிஞ்சா ஏறுவாங்களா?"

"பொணம்னு சொல்லாத தம்பி. எல்லாருக்கும் பேர் இருந்துச்சு."

"பேர் இருந்தா என்னண்ணே, காடிக்குத் தீட்டு தீட்டுதான்."

கால்வாசி விலையை வெட்டினேன். அவர் வாதாடவில்லை. வெட்கப்பட்டவர் மாதிரி நின்றார். எந்தக் கழுவலால் அந்த வண்டி பத்து வருடம் கெடாமல் இருந்ததோ, அதையே குறையாகச் சொல்லி விலையைக் குறைத்தேன். எனக்கு அது தெரிந்தே இருந்தது. தெரிந்துதான் செய்தேன்.

அவருடைய மனைவி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கையில் எனக்குக் காப்பி. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

"யாருக்குத் தம்பி காடி?" என்று கேட்டார்.

மகளைப் பற்றிச் சொன்னேன். விலை படிந்த பிறகுதான் சொன்னேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். அக்கா உள்ளே போய், சுருட்டி வைத்திருந்த ஒரு பஞ்சு மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வண்டியின் பின் தளத்துக்கு அளவெடுத்துத் தைத்தது.

"இது பிரசவத்துக்குப் போற பொம்பளைங்களுக்காக வச்சிருந்தது. உசுரோட போனவங்க மட்டுந்தான் இதுல படுத்தாங்க. பயப்படாம புள்ளையப் படுக்க வை."

நான் மெத்தையை வாங்கிக்கொண்டேன். அக்கா வண்டியின் பின்கதவை ஒரு தட்டு தட்டினார்.

"எத்தனை பேரு கூட இதுல குந்திக்கிட்டு வந்திருக்கேன். கடைசியில நானும் இதுலதான் போவேன்னு நெனச்சேன். ஆள விட்டுட்டு காடி முந்திக்கிட்டுப் போவுது பாரு."

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா நீ?" என்றார் டிரெசர் அண்ணன்.

அக்கா சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

வண்டியை அடுத்த வாரம் எடுத்து வந்தேன். ஃபெர்ரியின் கீழ்த்தட்டில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து, மனைவியிடம் என்ன சொல்வது என்று தயார் செய்தேன். தோட்டத்து டிரெசர் வண்டி. நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன வண்டி. இதில் பொய் ஒன்றும் இல்லை. திரும்பி வரும்போது யாரை ஏற்றி வந்தது என்பதை மட்டும் விட்டுவிட்டேன். கோயிலில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். என் மனைவி கண்ணை மூடிக் கும்பிட்டாள். நான் கண்ணை மூடவில்லை.

இரண்டு வருடம் அந்த வண்டி எங்களைச் சுமந்தது. மகள் பின்னால் மெத்தையில் நீட்டிப் படுத்துக்கொண்டு கண்ணாடி வழியாக விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டு வருவாள். பாசார் என்கிற சந்தைக்குப் போவோம், கடற்கரை போவோம். ஆஸ்பத்திரிக்குப் போவதே அவளுக்கு உல்லாசமாகிவிட்டது. ஓட்டும்போது முன்னாலுள்ள சின்னக் கண்ணாடியில் அவளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இடத்தில் யார் யார் படுத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். பேர் இருந்துச்சு என்று அவர் சொன்னதும் ஞாபகம் வரும். ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவேன்.

"மலிவா அடிச்சேன் லா" என்று பட்டறையில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு சனிக்கிழமை மதியம். பாசார் பையோடு எங்கள் அடுக்குமாடியின் கீழே வந்தபோது, என் வண்டியின் அருகில் ஒருவர் நின்றிருந்தார். கூரையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். டிரெசர் அண்ணன். கண் தெரியாத மனிதர் பெரியாஸ்பத்திரியிலிருந்து டிரைஷா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா பிடித்து, பட்டறை நண்பர் சொல்லியிருந்த புளோக் எண்ணைக் கேட்டுக் கேட்டு வந்திருந்தார். வண்டியைத் தடவிப் பார்த்து அடையாளம் கண்டிருக்கிறார்.

"தம்பியா?"

"ஆமாண்ணே. என்னண்ணே இங்க?"

"அக்கா காலையில போயிட்டா தம்பி. இங்க பெரியாஸ்பத்திரியிலதான் வச்சிருந்தேன், மூணு வாரமா."

மூன்று வாரமாக அவர்கள் என் வீட்டிலிருந்து பத்து நிமிட தூரத்தில் இருந்திருக்கிறார்கள். எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. ஏன் சொல்வார்கள்?

"ஒரு ஒதவி தம்பி. அவள வீட்டுக்குக் கொண்டு போகணும். ஒரே ஒரு நடை. இந்தக் காடியில."

நான் மேலே பார்த்தேன். ஐந்தாவது மாடி நடைபாதையில் என் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தினேன்.

"வேன் இருக்குமேண்ணே. கோயில்ல சொன்னா அனுப்புவாங்க."

"வேன் கெடைக்கும் தம்பி. அது இல்ல. அவ கேட்டுக்கிட்டா. வெளையாட்டுக்குச் சொல்றான்னு நெனச்சிருந்தேன். முந்தாநாளும் சொன்னா. அந்தத் தம்பிகிட்ட கேளுங்க, குடுப்பாருன்னா."

குடுப்பாருன்னா. அக்கா என்னைப் பார்த்தது அரை மணி நேரம்தான். நான் அவர் புருஷனை வாசலில் நிற்க வைத்து விலையை வெட்டியதையும் பார்த்தவர்.

மேலே மனைவி. இரண்டு வருடப் பொய். வண்டியை எடுத்தால் ஏன், எதற்கு, அது எந்த வண்டி என்று எல்லாம் வெளியே வரும். எனக்கு அப்போது அதுதான் பெரிதாகத் தெரிந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"அண்ணே, என் புள்ள படுக்கிற எடம்ண்ணே அது."

அவர் கூரையிலிருந்து கையை எடுத்தார்.

"ஆமாம்பா. சரிதான். நான் அத யோசிக்கல." பிறகு, "மன்னிச்சுக்க தம்பி" என்றார்.

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் செலவுக்கு ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். அதையும் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு டிரைஷாவை நோக்கி நடந்தார். தப்பான பக்கம் நடந்தார். நான் போய்த் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். நான் செய்த உதவி அவ்வளவுதான்.

"யாருங்க அது?" என்று மேலே மனைவி கேட்டாள்.

"வழி கேட்டாரு" என்றேன்.

கருமாதிக்குப் போனேன். வண்டியில் போகவில்லை, அதைக் கொண்டுபோய் அந்த வாசலில் நிறுத்த எனக்குத் துணிச்சல் இல்லை. பஸ்ஸில் போனேன். பந்தலில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அக்காவின் அண்ணன் மகன். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர். நான் யாரென்று அவருக்குத் தெரியாது.

"வேன் வேற சாவுக்குப் போயிருச்சு. சாயங்காலம்தான் வரும்னானுங்க. நான்தான் லாரிய எடுத்துக்கிட்டுப் போனேன்" என்றார். "ஃபெர்ரிக்கு நிக்கிற எடத்துல மழை புடிச்சுக்கிச்சு. மேல மூட கென்வாஸ் இல்ல. மாமா பெட்டி மேல குடையப் புடிச்சுக்கிட்டு நின்னாரு, தான் நனைஞ்சுக்கிட்டு. யாரோ டவுன்ல ஒருத்தன்கிட்ட காடி கேட்டாராம். குடுக்கலையாம். இப்படியும் இருக்கானுங்க லா."

"ஆமா" என்றேன்.

"இவரு எத்தனை பேருக்கு ஓடினவரு தெரியுமா? அந்தக் காடியே இவரு வித்ததுதானாம்."

"ஆமா" என்றேன் மறுபடியும்.

விடைபெறப் போனபோது டிரெசர் அண்ணன் என் குரலை அடையாளம் கண்டுகொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டு வந்திருப்பேன், எனக்கு அது வரும்.

"பஸ்ஸுலயா வந்தே? காடி என்னாச்சு, கெட்டுப் போச்சா?"

"இல்லண்ணே."

"புள்ள எப்படி இருக்கு? வளந்திருக்குமே, மெத்தை பத்துதா? அக்கா கேட்டுக்கிட்டே இருப்பா. துணி வாங்கி வச்சிருந்தா, இன்னும் ஒரு முழம் சேத்துத் தைச்சுத் தரணும்னு."

அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விலையை வெட்டியது, ஃபெர்ரியில் தயார் செய்த பொய், வழி கேட்டார் என்று சொன்னது, லாரி, மழை, குடை. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். முழுவதையும் களைந்து முடித்து உலையில் போட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"பொணம் ஏத்துன காடின்னு சொல்லி வெலையக் கொறச்சீங்க. பொணம் ஏத்தணும்னு வந்தப்ப, புள்ள படுக்கிற காடின்னுட்டீங்க."

"நீதானே சாவுக் காடி வேணாம்னே?"

"வாங்குறதுக்கு முன்னாடி சொன்னேன். வாங்கிட்டு வந்ததுக்கப்புறம் என்கிட்ட கேட்டீங்களா? காடிய வித்துட்டு எறங்குனவங்க மெத்தையக் குடுத்து அனுப்பியிருக்காங்க. ஏறுன நீங்க ஒரு நடைக்குக் காடிய குடுக்கல. எம் மேல பழிய போடாதீங்க."

எனக்குக் கோபம் வந்தது. கையருகில் இருந்த காலித் தட்டைத் தள்ளிவிட்டேன். அவள் பயப்படவில்லை.

"வர்ற ஞாயித்துக்கெழம அவர் வீட்டுக்குப் போறோம். காடியிலதான்."

போனோம். நால்வரும். அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும், எஞ்சின் சத்தத்தைக் கேட்டே அவர் எழுந்து வெளியே வந்துவிட்டார். என் மனைவி அவர் காலைத் தொட்டாள். மகளை இறக்கி நாற்காலியில் உட்கார வைத்தோம். அவர் அவளிடம் கால் வலி பற்றி, பயிற்சி பற்றியெல்லாம் டிரெசர் மாதிரியே விசாரித்தார். பிறகு எழுந்து வண்டியின் பின்பக்கம் போனார். கை பழக்கத்தில் பின்கதவைத் தூக்கினார். மெத்தையை ஓரமாகச் சுருட்டித் தள்ளிவிட்டு, தளத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். வலது மூலையில் அவர் விரல்கள் நின்றன. அந்த இடத்தை நகத்தால் சுரண்டினார்.

"இங்க துரு ஆரம்பிக்குது தம்பி. கழுவுறதில்லையா?"

அவர் என்னைக் குறை சொன்னது அந்த ஒரு முறைதான். இருபது வருடம் இரும்போடு பிழைத்தவன் நான். இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அந்த விரிப்பைத் தூக்கிப் பார்த்ததில்லை.

"இல்லண்ணே" என்றேன்.

அவர் வாளியைத் தேடிக்கொண்டு போனார். நான் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். என் மனைவி உள்ளே போய் மஞ்சள் கரைத்து எடுத்து வந்தாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை. விரிப்புகளை எல்லாம் எடுத்துப் போட்டுக் கழுவினேன். மஞ்சள் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர். அவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார்: மூலையில் தண்ணீர் நிற்கும், துணியை முறுக்கி உள்ளே விடு, கீலுக்கு அடியிலும் துடை. எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டு வண்டியை வெயிலுக்குத் தள்ளினோம்.

காய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மகள் அவரிடம் விளக்குக் கம்பங்களின் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. என் மனைவி இரண்டு முறை என்னைப் பார்த்தாள். தளம் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதற்காக நான் எழுந்து போனேன்.

காய்ந்திருந்தது. எண்ணெய் தடவி, அந்த அக்கா தைத்த மெத்தையை விரித்து, மகளைத் தூக்கிப் படுக்க வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.